கூழைக்கடாவுக்குக் கட்டிய கூடைக் கயிறு

என் கூடைக் கயிற்றை அவிழ்த்து ஒரு பறவையின் வாயைக் கட்டியது ஒரு மூடுபனிக் காலையில். எந்த மாதம் என்று கேட்டால் சொல்லத் தெரியாது. மார்கழிக் குளிர் விட்டுப்போய், வெயில் இன்னும் வந்து சேராத இரண்டுங்கெட்டான் காலம். சில வருடங்களுக்கு முன்பு என்று வைத்துக்கொள்ளுங்கள்.

அன்று ஏழாம் நம்பர் மலையில் கொழுந்து. தேயிலைக் காட்டின் ஒவ்வொரு துண்டையும் நாங்கள் மலை என்றுதான் சொல்வோம், அது பள்ளத்தில் கிடந்தாலும். ஏழாம் நம்பர் மட்டும் நிஜமாகவே மலை. அதன் உச்சியில் நின்றால் மவுசாக்கலை நீர்த்தேக்கம் இந்தக் கோடியிலிருந்து அந்தக் கோடி வரை தெரியும். அன்றைக்கோ பக்கத்து நிரையில் நின்ற மல்லிகா அக்காவின் தலையே தெரியவில்லை. இருமல் கேட்டது, வளையல் கேட்டது, அவ்வளவுதான்.

நிரை பிடித்து நின்றதும் எல்லோரும் சேர்ந்து "பொலி, பொலி" என்றோம். முதல் கொழுந்தைக் கிள்ளுவதற்கு முன்னால் அப்படிச் சொல்வது வழக்கம். கூடை நிறையட்டும் என்று கேட்டுக்கொள்வது. சொல்லி வாயை மூடவில்லை, மேலிருந்து என்னவோ வந்தது.

முதலில் காற்றுச் சத்தம். நனைந்த கம்பளியை யாரோ உதறுவது போல நாலைந்து தடவை. அப்புறம் வெள்ளையும் சாம்பலுமாய் ஒன்று, மட்டமாக வெட்டிவிட்ட தேயிலைமேல் வழுக்கிக்கொண்டே வந்து, என் முன்னால் இரண்டு செடிகளுக்கு நடுவே சிக்கி நின்றது.

"யாருடி அது படங்கத் தூக்கி வீசுனது?" என்றார் மல்லிகா அக்கா பனிக்குள்ளிருந்து. படங்கு என்பது நாங்கள் இடுப்பில் கட்டிக்கொள்ளும் சாக்கு. யாருடைய படங்கும் பறந்து வரவில்லை. அந்தப் படங்குக்குக் கண் இருந்தது. வெளிறிய மஞ்சளில் சின்னக் கண். அது என்னைப் பார்த்தது.

அலகில் புள்ளி வைத்தவர்

அதற்குமுன் அந்தப் பறவையை நான் அவ்வளவு பக்கத்தில் பார்த்ததில்லை. நின்றால் என் இடுப்புக்கு மேல் வரும் உயரம். சாம்பல் பூத்த வெள்ளை உடம்பு. பிடரியில் தூங்கி எழுந்தவர் தலைபோலக் கலைந்து நிற்கும் கொண்டை. காலில் வாத்துக்கு இருப்பதுபோல விரல்களைச் சேர்த்த தோல், அழுக்குக் கறுப்பில்.

ஆனால் முதலில் கண்ணில் படுவது இதெல்லாம் இல்லை, அலகுதான். என் முழங்கையிலிருந்து மணிக்கட்டு வரை வைத்தாலும் அதைவிட நீளம். மங்கிய ரோஜா நிறம். மேல் அலகின் ஓரம் நெடுக நீலப் புள்ளிகள், பேனாவில் மை கசிகிறதா என்று யாரோ தொட்டுத் தொட்டுப் பார்த்ததைப் போல. கீழ் அலகிலிருந்து தொண்டை வரை ஒரு தோல் பை, சுருக்கம் சுருக்கமாய்.

பத்தாம் வகுப்போடு படிப்பை விட்டவள் நான். அதனால் அறிவியல் பெயரெல்லாம் இந்தப் பத்திரிகைத் தொடரில் எதிர்பார்க்காதீர்கள். தமிழில் கூழைக்கடா. எங்கள் லயத்தில், அதாவது தோட்டத்து வரிசை வீடுகளில், அதைப் பைக்கொக்கு என்பார்கள். அது கொக்கே இல்லை என்று என் வீட்டுக்காரர் ஊரெல்லாம் திருத்திக்கொண்டிருந்தார், யாரும் கேட்கவில்லை.

அது ஏன் தேயிலைக்குள் வந்து இறங்கியது என்பதற்கு மட்டும் என்னிடம் ஒரு விளக்கம் இருக்கிறது. கொழுந்தை மட்டம் பிசகாமல் எடுக்க வேண்டும் என்று எங்களை வறுத்தெடுப்பார்கள். மேடு பள்ளம் இல்லாமல் எடுத்த மலை, மேலிருந்து பார்த்தால் பச்சைத் தண்ணீர் மாதிரிதான் தெரியும். பனியில் நீர்த்தேக்கத்தைத் தவறவிட்ட பறவை, எங்கள் கைவேலையைத் தண்ணீர் என்று நம்பி இறங்கிவிட்டது. இதை மேலதிகாரி யாரிடமாவது சொல்லியிருந்தால் மெச்சியிருப்பார்.

கங்காணி அண்ணன் தடியோடு ஓடி வந்தார். எங்கள் நிரையை மேற்பார்வை பார்க்கிறவர். நல்ல மனிதர், ஆனால் எதைக் கண்டாலும் முதலில் பயந்துவிட்டுத்தான் யோசிப்பார்.

"யாரும் கிட்டப் போகாதீங்க. கொத்திச்சின்னா கண்ணு போயிரும். ரோட்டுப் பக்கமா வெரட்டி விடுங்க."

"ரோட்டுல போனா லொறியில அடிபடுங்க அண்ணே," என்றேன். "நான் வீட்டுக்குக் கொண்டு போறேன்."

"வீட்டுக்கா? கறி வைக்கவா?"

"இவருக்குக் காட்ட."

கங்காணி அண்ணன் தடியை இறக்கினார். இவருக்கு என்று நான் சொன்னால் யாருக்கென்று தோட்டம் முழுக்கத் தெரியும். "சுருக்கா போயிட்டு வந்துரு," என்றார்.

வாசல் முக்காலி

இவர் பெயர் யோகராஜா. பத்திரிகையில் எழுதக் கூச்சமில்லை, வாயால் சொல்லத்தான் இன்றுவரை வரவில்லை.

எங்கள் ஊரில் தேயிலைத் தொழிற்சாலையை ஸ்டோர் என்போம். ஸ்டோரில் தூள் சலிக்கும் அறையில் இருபது வருடத்துக்கு மேல் நின்றவர். மாலையில் வீட்டுக்கு வரும்போது புருவத்தில்கூடத் தேயிலை மணக்கும். கல்யாணம் ஆன புதிதில் எனக்கு அது பிடித்திருந்தது. பிறகு இழுப்பு வந்தது. தூசி என்றார் ஒரு டாக்டர், பரம்பரை என்றார் இன்னொருவர். இரண்டில் எது என்று தெரிந்து என்ன ஆகப் போகிறது. ஹட்டனுக்கு பஸ் ஏறுவதும் மருந்து பம்ப் வாங்கி வருவதுமாய் எங்கள் வாழ்க்கை மாறிற்று. வேலையை விட்டார். ஒரே மகள் கொழும்பில் ஒரு துணிக்கடையில் வேலைக்குப் போனாள். வீட்டில் நாங்கள் இரண்டு பேர்.

எங்கள் லயம் மலையின் நடு இடுப்பில் இருக்கிறது. மேலே ஏழாம் நம்பர். கீழே இருநூற்றுச் சொச்சம் கல்படி இறங்கினால் நீர்த்தேக்கம். எங்கள் காம்பரா, அதாவது வீட்டு அறை, வரிசையில் கடைசி என்பதால் வாசலில் உட்கார்ந்தால் தண்ணீரின் பாதி தெரியும். இவர் அங்கே ஒரு முக்காலியைப் போட்டு உட்கார்ந்தார். ஸ்டோருக்குப் போகிற அதே நேரத்துக்கு முகம் கழுவி, சட்டை மாற்றி, தலை வாரிக்கொண்டு வந்து உட்காருவார். அதுதான் அப்போது அவருடைய வேலை.

அங்கிருந்து பார்த்துப் பார்த்துத்தான் கூழைக்கடாக்களைக் கண்டுபிடித்தார். எங்கள் சின்ன வயதில் இந்தப் பறவை இங்கே கண்ணில் பட்டதாய் எனக்கு நினைவில்லை. கீழ்நாட்டுக் குளங்களில் வாழ்வது, உயரமான மரங்களில் கூட்டமாய்க் கூடு கட்டுவது. எப்போதோ ஒன்றிரண்டு மலையேறி வந்தன, அப்புறம் சொந்தபந்தத்தைக் கூட்டிக்கொண்டு வந்தன.

"இதுங்க வீடு கீழ்நாட்டுல, புஷ்பம். பொழப்புக்கு இங்க வந்திருக்குதுங்க," என்பார்.

அவர் சொல்லித்தான் எனக்கும் அவற்றின் பழக்கம் தெரியும். பனி விலகி வெயில் சுட ஆரம்பித்த பிறகுதான் பெரும்பாலும் வானத்தில் ஏறும். இறக்கையை அசைக்காமல் வட்டம் போட்டுக்கொண்டே மேலே மேலே போகும். மீன் பிடிக்கும்போது அவசரப்படாது. நாலைந்து பேர் வரிசையாய் நீந்தி வந்து ஒரே நேரத்தில் தலையை முக்கும். பை நிறையத் தண்ணீரோடு மீன் வரும். அலகை நெஞ்சோடு அழுத்தித் தண்ணீரை வடித்துவிட்டு, பிறகு அண்ணாந்து விழுங்கும். சத்தமே போடாது. வயிறு நிறைந்தால் அலகை நெஞ்சின்மேல் வைத்துக்கொண்டு, பென்சன் வாங்கிய வாத்தியார் மாதிரி கரையில் நிற்கும்.

மழை பொய்க்கும் மாதங்களில் மவுசாக்கலையில் தண்ணீர் இறங்கி, நீர்த்தேக்கம் கட்டியபோது மூழ்கிய பழைய மஸ்கெலியாவின் கோயில் வெளியே தலைகாட்டும். அப்போது ஒரு கூழைக்கடா அந்தக் கோயில் சுவரில் ஏறி உட்காரும். தினமும் அதே இடம். மாலை வெயிலில் கோயிலும் பறவையும் ஒரே நிறத்தில் இருக்கும். இவர் முக்காலியில், அது சுவரில். ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டு நாள் முழுக்க உட்கார்ந்திருப்பார்கள். அந்த மாதங்களில் அவருக்கு மூச்சுகூடக் கொஞ்சம் சீராக இருந்ததாக எனக்கு நினைவு.

நீர்த்தேக்கத்தின் மறுபாதி வாசலிலிருந்து தெரியாது, ஏழாம் நம்பரிலிருந்துதான் தெரியும். அதனால் நான் வேலை விட்டு வந்ததும் செருப்பைக் கழற்றுவதற்குள் கேட்பார்.

"அந்தப் பக்கம் இன்னிக்கு எத்தன?"

நான் ஒரு எண்ணிக்கை சொல்வேன். இவர் தன் எண்ணிக்கையோடு கூட்டிக்கொண்டு தலையாட்டுவார். ஒன்றைச் சொல்லிவிடுகிறேன். பாதி நாள் நான் திரும்பிக்கூடப் பார்த்திருக்க மாட்டேன். அட்டை கடிக்க, இடுப்பு ஒடிய நிற்கிறவளுக்குப் பறவை எண்ண எங்கே நேரம். வாய்க்கு வந்ததைச் சொல்வேன். ஆறு என்பேன், நாலு என்பேன்.

அவருக்கு ஒரே ஆசைதான். ஒரு தடவை கீழே இறங்கிப்போய் அவற்றைப் பக்கத்தில் பார்க்க வேண்டும். நான் விடவில்லை. மலைநாட்டில் இறங்குவது யாருக்கும் முடியும், ஏறி வருவதுதான் கேள்வி. இருநூற்றுச் சொச்சம் படி. டாக்டர் மேடு ஏறாதே என்று சொன்ன அன்றிலிருந்து நான் அவருடைய மூச்சுக்குக் காவல்காரியாகிவிட்டேன். பீலிக்குத் தண்ணீர் பிடிக்கப் போகக்கூடாது, கோயிலுக்குப் போகக்கூடாது, பலமாகச் சிரிக்கக்கூடாது. இரண்டு வருடம் அப்படி வைத்திருந்தேன்.

இப்போது புரிகிறதா, அந்தப் பறவை என் காலடியில் வந்து விழுந்ததும் எனக்கு ஏன் அப்படி நெஞ்சு குதித்தது என்று. இவர் கீழே போக முடியாது. பறவையே மேலே வந்துவிட்டது.

மூன்று சுற்று

போர்த்தியிருந்த கம்பளியைப் போட்டுப் பிடித்தேன். அது சீறியது, கொத்த வந்தது, பிறகு களைத்துப்போய் அடங்கியது. கையால் அமுக்கியபோது இறகுக்கடியில் தோல் சரசரவென்றது. உடம்பு முழுக்கத் தோலுக்குள் காற்று. பார்க்க அவ்வளவு பெரிய உருவம், தூக்கினால் ஒரு பூசணிக்காயின் கனம்தான். இருபது கிலோ கொழுந்தைத் தலையில் மாட்டிச் சுமக்கிறவளுக்கு அது ஒரு சுமையா.

"வாயக் கட்டு, புஷ்பம்," என்றார் மல்லிகா அக்கா.

கூடையைத் தலையில் மாட்டும் கயிற்றை அவிழ்த்தேன். அலகைச் சேர்த்துப் பிடித்து மூன்று சுற்றுச் சுற்றி, இழுத்து முடிச்சுப் போட்டேன். பதினெட்டு வருடமாக அதே முடிச்சைப் போடும் கை. எவ்வளவு கனம் தொங்கினாலும் நழுவாது, இழுக்க இழுக்க இறுகும். அதில் எனக்கு ஒரு கர்வம் உண்டு.

படங்கில் சுற்றி, மல்லிகா அக்காவின் கயிற்றை வாங்கி என் கூடையில் மாட்டி, அதில் பறவையை உட்கார வைத்து முதுகில் தூக்கிக்கொண்டு இறங்கினேன். பனியில் பாதை மூன்று அடிக்கு மேல் தெரியவில்லை. பறவை முதலில் முதுகில் உதைத்தது. கொஞ்ச நேரத்தில் உதைப்பது நின்றது. பழகிவிட்டது என்று நினைத்துக்கொண்டேன். வழி நெடுக, இவர் முகம் எப்படி மாறும் என்று கற்பனை செய்துகொண்டே வந்தேன். அவ்வளவு சந்தோஷமாக நான் அந்தப் பாதையில் நடந்ததே இல்லை.

"கண்ண மூடிக்கங்க," என்றேன் வாசலில் நின்று.

மூடிக்கொண்டார். கூடையை இறக்கி, படங்கை விலக்கி, பறவையை அவர் மடிக்கு அருகே வைத்தேன்.

"இப்பத் தொறங்க."

திறந்தார். நான் எதிர்பார்த்த முகம் வரவில்லை. ஒரு நொடி வெறுமனே பார்த்தார். அப்புறம் முக்காலியிலிருந்து மண்டியிட்டு இறங்கினார்.

"அவுரு புஷ்பம். கயித்த அவுரு."

"கடிக்குங்க."

"மூச்சு முட்டுது அதுக்கு. பாரு, தொண்டையப் பாரு."

பார்த்தேன். தொண்டைப் பை கயிற்றுக்குக் கீழே உள்ளே ஒட்டிக்கொண்டு, விடுபட முடியாமல் துடித்தது. கழுத்து தளர்ந்து ஒரு பக்கம் சாய்ந்திருந்தது. அந்த வெளிறிய கண் பாதி மூடியிருந்தது.

"மூக்கால விடாதாங்க?"

"எங்க இருக்கு மூக்கு? காட்டு."

அலகின் மேல் தடவித் தடவித் தேடினேன். துவாரம் என்று ஒன்று கண்ணிலேயே படவில்லை. அந்தப் பறவை வாயால்தான் மூச்சு விடுகிறது. எனக்குத் தெரியாது. இவருக்கும் யாரும் சொல்லித் தந்ததில்லை. ஆனால் மூச்சு கிடைக்காத ஒரு தொண்டை எப்படித் துடிக்கும் என்று அவருக்குத் தெரியும்.

முடிச்சு அவிழவில்லை. பனியில் நனைந்து கல்லாகிவிட்டிருந்தது. நகத்தால் நெம்பினேன், பல்லால் கடித்தேன். என் கைமுடிச்சு, என் கர்வம். இவர் இரண்டு கையாலும் பறவையின் தலையைத் தாங்கிக்கொண்டு, "கத்தி, கத்தி," என்றார். உள்ளே ஓடிப்போய்க் கவ்வாத்துக் கத்தியை எடுத்து வந்தேன், தேயிலைச் செடியின் கிளைகளைக் கழிக்கும் வளைந்த கத்தி. அலகுக்கும் கயிற்றுக்கும் நடுவே நுனியை விட்டு அறுத்தேன்.

அலகு மெல்லத் திறந்தது. ஒன்றும் நடக்கவில்லை. நான் செத்துவிட்டது என்றே நினைத்தேன். பிறகு உள்ளே எங்கோ ஆழத்தில் ஒரு சத்தம், துருப்பிடித்த கீல் திறப்பது போல. தொண்டைப் பை உப்பியது, வற்றியது, மறுபடி உப்பியது. மீன் வாடையோடு சூடான காற்று என் முகத்தில் அடித்தது.

பதற்றத்தில் இவருக்கும் இழுக்க ஆரம்பித்துவிட்டது. பம்பை எடுத்து வாயில் வைத்துக்கொண்டார். அந்தப் பக்கம் அவர் வாயைத் திறந்து மூச்சு வாங்க, இந்தப் பக்கம் பறவை வாயைத் திறந்து மூச்சு வாங்க, நடுவில் அறுந்த கயிறோடு நான். எனக்கு அழுகை வந்தது. வெட்கமும் வந்தது. ஆசையாகக் கொண்டு வந்ததை நானே கொல்லப் பார்த்திருக்கிறேன்.

மூச்சு அடங்கியதும் இவர் என்னைப் பார்த்தார். "நல்லவேள, எனக்கு மட்டும் வாயக் கட்டாம விட்டியே," என்றார். சிரிக்கத்தான் சொன்னார். நான் சிரிக்கவில்லை.

இருநூற்றுச் சொச்சம் படி

நீர்த்தேக்கத்தில் தோணி வைத்து மீன் பிடிக்கும் சுனிலுக்கு இவர் போன் போட்டார். பக்கத்துச் சிங்களக் கிராமத்துப் பையன், இரண்டு பிள்ளைக்குத் தகப்பன். தமிழ் சரளமாய்ப் பேசுவான்.

"வாய் கட்ட வேணாம் அண்ணே," என்றான் சுனில். "ஒரு வெரல் எடம் விட்டுப் புடிச்சிக்கங்க. கொஞ்சம் நெழல்ல வைங்க. எந்திரிச்சு நின்னா தண்ணிக்குக் கொண்டாங்க. நான் கரையில நிக்கிறேன்."

வாசல் ஓரத்தில் விட்டோம். அரை மணி நேரத்தில் எழுந்து நின்றது. இறக்கையை ஒரு தடவை விரித்துப் பார்த்தது. எங்கள் வாசல் பத்தாமல் இரண்டு நுனியும் வெளியே போயின. இவர் அப்போதுதான் சிரித்தார். நான் எதிர்பார்த்து வந்த முகம் அதுதான்.

"நான் கொண்டு போய் விட்டுட்டு வர்றேன். நீங்க இருங்க," என்றேன்.

"ரெண்டு வருசமா இருக்கேனே, புஷ்பம்."

நான் கூடையை நிமிர்த்தி வைத்தேன்.

"நீ தூக்கிட்டா வாய யாரு புடிக்கிறது? வெரல் எடம் விட்டுப் பின்னால வர ஒரு ஆள் வேணும்ல."

"மல்லிகாக்காவக் கூப்புடுறேன்."

"அவங்க நெரைய விட்டுட்டு வருவாங்களா? நான் வர்றேன்."

"ஏற முடியாதுங்க உங்களால."

"ஏறும்போது பாத்துக்கலாம்."

தரையில் அறுந்த கயிறு கிடந்தது. எனக்குச் சம்மதமில்லை. அதை இப்போதும் மறைக்கவில்லை, எனக்குச் சம்மதமே இல்லை. ஆனாலும் வேண்டாம் என்று சொல்ல அன்றைக்கு எனக்கு வாய் வரவில்லை. பம்பை எடுத்து அவர் சட்டைப் பையில் போட்டேன். குளிர் தொப்பியைத் தலையில் மாட்டிவிட்டேன்.

இறங்கினோம். முன்னால் நான், முதுகில் கூடை, கூடையில் பறவை, பின்னால் இவர் அலகுக்கு நடுவே ஒரு விரலை வைத்துப் பிடித்துக்கொண்டு. பனி மேலேயும் போகாமல் கீழேயும் போகாமல் நடுவில் தொங்கியது. படிகள் ஒவ்வொன்றாய் அதிலிருந்து வெளியே வந்தன. எங்கேயோ ஒரு கோழி கூவியது. என் பிடரிக்குப் பின்னால் இரண்டு மூச்சுகள் கேட்டன. எது பறவையுடையது, எது அவருடையது என்று கொஞ்ச தூரம் வரை பிரித்துச் சொல்ல முடிந்தது. அப்புறம் முடியவில்லை. பிரிக்க வேண்டும் என்று தோன்றவும் இல்லை. அந்த இறக்கம் முடியாமலே போய்க்கொண்டிருந்தால் நன்றாக இருக்கும் என்று நினைத்தேன்.

கரையில் சுனில் முழங்கால் தண்ணீரில் நின்றான். "அடே, பெரிய ஆளு," என்றான். சிங்களத்தில் இதைப் பெஸ்துடுவா என்பார்களாம். கூடை அலகு என்று அர்த்தம் சொன்னான். "நீங்க கொழுந்துக்கு வச்சிருக்கிற மாதிரி, அது மீனுக்கு வச்சிருக்கு அக்கே."

கூடையைச் சாய்த்தேன். பறவை இறங்கி, ஆடி ஆடி நாலு எட்டு வைத்தது. தரையில் அதன் நடையைப் பார்த்தால் யாருக்கும் பாவமாக இருக்கும். தண்ணீரைத் தொட்டதும் அந்தப் பாவமெல்லாம் போய்விட்டது. ஒரு அலுங்கல் குலுங்கல் இல்லாமல் மிதந்தது. அலகை ஒரு தடவை முக்கிக் கழுவியது. நான் கட்டிய இடத்தைத்தான் கழுவியது என்று எனக்குப் பட்டது.

அப்போது பனி விலகியது. கொஞ்ச தூரத்தில் மற்றவை இருந்தன, வரிசையாய், சத்தமில்லாமல். எங்களுடையது நீந்திப் போய் அவற்றோடு சேர்ந்தது. சேர்ந்த பிறகு எது எங்களுடையது என்று தெரியவில்லை.

இவர் ஒரு கல்லில் உட்கார்ந்து பார்த்துக்கொண்டே இருந்தார். வெயில் ஏறியது. திடீரென்று எல்லாம் ஒன்றாய் எழும்பின. இரண்டு காலையும் சேர்த்துத் தண்ணீரை உதைத்து உதைத்து, இவ்வளவு பெரிய உடம்பு எங்கே எழும்பப் போகிறது என்று நாங்கள் நினைக்கும்போதே தண்ணீர் அவற்றை விட்டுவிட்டது. கழுத்தை மடித்துக்கொண்டு எங்கள் தலைக்கு மேலே வந்தன. இறக்கைக் காற்று எங்கள்மேல் பட்டது. இவர் தொப்பியைக் கழற்றிக் கையில் வைத்துக்கொண்டு அண்ணாந்து பார்த்தார். எண்ணினார்.

"ஒம்பது. நம்மாளோட சேத்து பத்து."

ஏற்றம்

ஏறி வர மாலையாகிவிட்டது. சுருக்கா வரச் சொன்ன கங்காணி அண்ணனின் பேச்சு காற்றில் போயிற்று. பத்துப் படிக்கு ஒரு தரம் உட்கார்ந்தோம். பிறகு ஐந்து படிக்கு ஒரு தரம். பாதி வழியில் அவருக்கு உதடு நீலமாகியது. நான் அவர் முதுகைத் தடவிக்கொண்டு, மனதுக்குள் என்னையே வைதுகொண்டிருந்தேன். பம்ப் வேலை செய்ய ஆரம்பித்ததும் அவர் பேசினார்.

"புஷ்பம், நீ ஏழாம் நம்பர்ல இருந்து சொல்ற கணக்கு பொய்யின்னு எனக்குத் தெரியும்."

"எப்படிங்க?"

"மழையில ஒண்ணுந் தெரியாத அன்னிக்கும் ஆறுன்னு சொல்லுவ."

எனக்கு முகத்தை எங்கே வைப்பதென்று தெரியவில்லை. "தெரிஞ்சும் ஏன் கேட்டீங்க?"

"கேட்டா நீ ரெண்டு வார்த்த பேசுவேல்ல," என்றார். அதோடு பலமாகச் சிரித்தார். சிரித்தால் இருமல் வரும் என்று தெரியும். நான் தடுக்கவில்லை.

அந்த வருடம் அவர் இன்னும் நாலு தடவை கீழே இறங்கினார். நாலு தடவையும் நான் கூடப் போனேன். ஒவ்வொரு தடவையும் ஏறிவர முன்னைவிட அதிக நேரம் பிடித்தது. அடுத்த ஆனி மழையில், ஒரு காலை நேரம், சட்டை மாற்றித் தலை வாரிக்கொண்டு முக்காலிக்கு வந்தவர், உட்கார்ந்தவர், அப்படியே போய்விட்டார்.

கீழே இறங்க விட்டிருக்கக் கூடாது என்று மல்லிகா அக்கா இன்றைக்கும் சொல்வார். இருக்கலாம். விடாமல் வைத்திருந்தால் இன்னும் ஒரு வருடம், இரண்டு வருடம் இருந்திருப்பாரோ என்னவோ. எனக்குத் தெரியாது. டாக்டரிடம் கேட்கவும் எனக்குத் தைரியம் வரவில்லை. அறுந்த கயிற்றை இரண்டையும் சேர்த்து முடிச்சுப் போட்டு இப்போதும் அதில்தான் கூடை மாட்டுகிறேன். அந்த முடிச்சு நெற்றிக்கு மேலே உறுத்தும். புதுக் கயிறு வாங்கச் சொல்கிறார்கள்.

இதை எழுதும் இன்றும் ஏழாம் நம்பரில்தான் கொழுந்து. பனி சீக்கிரம் விலகிவிட்டது. கூடையை இறக்கி வைத்துவிட்டு, தண்ணீரின் அந்தப் பக்கத்தை நின்று நிதானமாக எண்ணினேன். இரண்டாம் தடவையும் எண்ணிச் சரிபார்த்தேன். வீட்டில் கேட்க ஆளில்லை, அதனால் உங்களிடம் சொல்கிறேன்.

அந்தப் பக்கம் இன்றைக்குப் பதின்மூன்று. பொய்யில்லை.